பர்ச்சியில் மூன்று பேர்

எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்த்த பெண் தலைப்பிரசவத்துக்காகத் தாய்வீட்டுக்குப் புறப்பட்டது தீபாவளி முடிந்த வாரம். எழுபதுகளின் கடைசி. நாங்கள் அப்போது தில்லி லக்ஷ்மிபாய் நகரில், என் கணவருக்குக் கிடைத்த அரசுக் குடியிருப்பில் இருந்தோம். பின்பக்கம் ஒரு சுவர். சுவருக்கு அப்பால் நாலா என்று எல்லோரும் சொல்லும் சாக்கடைக் கால்வாய். அதன் கரையில் தென்னாற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்தவர்களின் ஜுக்கிகள்: மூங்கில், பாலிதீன், தார் டின்னை வெட்டி நிமிர்த்திய தகரம். அவள் குடிசையும் அங்கேதான். கணவனுக்குத் தெருக்கூட்டும் வேலை, தினக்கூலி.

புறப்படுவதற்கு முன்தினம் இரண்டு கை நிறையக் கண்ணாடி வளையலோடு வந்தாள். ஜுக்கிப் பெண்கள் சேர்ந்து வளைகாப்பு நடத்தியிருந்தார்கள். கன்னத்தில் சந்தனம் காய்ந்து உதிர்ந்துகொண்டிருந்தது.

"மாசியில புள்ளையத் தூக்கினு வந்துட்றன்மா. அதுவரைக்கும் வேற ஆளு வரும். அது குக்கர் மூடியச் சரியாத் தேய்க்காது. நீங்கதான் பாத்துச் சொல்லணும்."

"இங்கேயே இவ்வளவு பெரிய ஆஸ்பத்திரி இருக்கு. இந்த வயித்தோட ரெண்டு ராத்திரி ரயில்ல போகணுமா?"

"ஐய, தலப்புள்ளைய மாமியா வூட்லயே பெத்துக்க மாட்டாங்க. நான் டில்லியில பெத்துக்கறதா? எங்கம்மா நாண்டுக்கும்."

குக்கர் மூடியைத் தானே இன்னொரு முறை தேய்த்துக் கவிழ்த்துவிட்டுப் போனாள்.

மார்கழியில் ஒரு பிற்பகல் நாலாக் கரை தீப்பிடித்தது. யாருடைய மண்ணெண்ணெய் ஸ்டவ் என்று கடைசிவரை தெரியவில்லை. நான் அப்போது ஓர் ஆங்கில நாளிதழில் நிருபர். சுவர் ஏறிப் பார்க்கும் தூரத்தில் இருந்ததால் தீயணைப்பு வண்டிக்கு முன்பே போய்ச் சேர்ந்தேன். ஆண்களில் பலர் வேலைக்குப் போயிருந்தார்கள். பெண்கள் பாத்திரங்களை நாலாவுக்குள் வீசிக்கொண்டிருந்தார்கள். எரியாமல் இருந்தால் பிறகு இறங்கி எடுத்துக்கொள்ளலாம் என்ற கணக்கு. பாத்திரங்கள் பிழைத்தன, கூரைகள் மிஞ்சவில்லை. உயிர்ச்சேதம் இல்லை என்பதால் நான் எழுதியது மறுநாள் உள்ளூர்ப் பக்கத்தில் சில வரிகளாக வந்தது.

அரசு அந்த முறை சீக்கிரமே செயல்பட்டது. யமுனைக்கு அந்தப் பக்கம் ஒரு மேட்டில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒற்றை அறைகளை வரிசையாகக் கட்டி, தீயில் வீடிழந்தவர்களை அங்கே வைப்பதென்று முடிவானது. பின்னால் நிலையான மனை ஒதுக்கும்போது அந்த அறைக்காரர்களுக்குத்தான் முதலிடம் என்றும் சொன்னார்கள். அறைக்கான அனுமதிச் சீட்டைப் பர்ச்சி என்றார்கள். நாலாக் கரையைச் சுற்றி முள்கம்பி வரப்போகிறது என்பது உறுதியாகிவிட்டதால், பர்ச்சி கிடைக்காதவன் தெருவில்தான் என்பதும் உறுதி.

ஒரு வாரம் கழித்து அவள் கணவன் எங்கள் வாசலில் நின்றான். முழங்கைவரை கரி இன்னும் போகவில்லை.

"கொஞ்சம் வந்து இந்தில சொல்லுங்கமா. எனக்கு இந்தி வருது. அந்த ஆபீசரக் கண்டா வர மாட்டேங்குது."

மைதானத்தில் ஒரு ஷாமியானா. உள்ளே மேஜை, அதன் மேல் ஒரு பொட்டலம் வேர்க்கடலை. அதிகாரி ஓய்வு பெறும் வயதை நெருங்கிய பஞ்சாபிக்காரர். காதுவரை இழுத்துவிட்ட கம்பளிக் குல்லாய். பத்திரிகை என்று தெரிந்ததும் நாற்காலி போடச் சொன்னார், கடலையை என் பக்கம் நகர்த்தினார்.

"மேடம், இவன் தனி ஆள். தனி ஆளுக்கு இடம் கிடையாது. குடும்பங்களுக்கு மட்டும்தான்."

"மனைவி பிரசவத்துக்குப் போயிருக்கிறாள்."

"எந்த ஆஸ்பத்திரி? அங்கே கொடுத்த காகிதம் இருந்தால் இப்போதே விலக்கில் போட்டுவிடுகிறேன். கணக்கெடுக்கும்போது ஆள் இல்லை என்றால் ரெண்டு விலக்கு உண்டு. ஆஸ்பத்திரி ஒன்று, சாவுச் சடங்குக்குப் போனது ஒன்று."

"ஆஸ்பத்திரி இல்லை. மெட்ராஸ் பக்கத்தில் அவள் அம்மா வீடு."

அவர் கடலைத் தோலை ஊதிவிட்டுச் சிரித்தார். "மாசமாயிருக்கும் பஹூவை, மருமகளை, யாராவது அவ்வளவு தூரம் அனுப்புவார்களா? எங்கள் பக்கத்தில் அந்த நேரத்தில் வாசல்படி தாண்ட விட மாட்டோம். பிள்ளை பிறப்பது புருஷன் வீட்டில். இவள் சண்டை போட்டுக்கொண்டு போயிருக்க வேண்டும். அல்லது இவனுக்குக் கல்யாணமே ஆகியிருக்காது."

வரிசையில் பின்னால் நின்ற ஒரு பெண்ணுக்கு இந்த அளவு இந்தி புரிந்தது. கைக்குழந்தையை இடுப்பில் மாற்றிக்கொண்டு தமிழிலேயே கத்தினாள். "யோவ், வளகாப்புல அதுக்கு நான்தான்யா சந்தனம் பூசினன்! கல்யாணம் ஆவாததுக்கா பூசுவாங்க?"

"என்ன சொல்கிறாள்?" என்று கேட்டார். சொன்னேன்.

"அச்சா. சந்தனத்தை ஃபைலில் எங்கே ஒட்டுவது, மேடம்?"

கணவன் சட்டைப்பையிலிருந்து இன்லண்டு கடிதம் ஒன்றை எடுத்து மேஜையில் வைத்தான். பெண் குழந்தை பிறந்திருப்பதாக ஊரில் யாரோ எழுதிப் போட்டது, முந்தின நாள்தான் வந்திருந்தது. அதிகாரி அதை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"இதை நீங்கள் படித்துச் சொல்ல வேண்டும், நான் நம்ப வேண்டும். அப்படி ஒரு விலக்கு இல்லை." பிறகு குரலைத் தாழ்த்தினார். "பிரிவினை சமயத்தில் நானும் இந்த மாதிரி ஒரு கூடாரத்து வாசலில் நின்றவன்தான். பக்கத்துக் கூடாரத்தில் ஒருவன் இல்லாத பெண்டாட்டி பேரைச் சொல்லி எங்கள் பங்கு மாவை வாங்கித் தின்றான். அதனால்தான் கேட்கிறேன்."

விதிகளின் கடைசியில், அதிகாரி நேரில் பார்த்து நம்பினால் எழுதலாம் என்று ஒரு வரி இருந்தது. அதை அவரே விரலால் தொட்டுக் காட்டினார். "அவளைக் கொண்டுவந்து என் கண் முன்னால் நிறுத்தச் சொல்லுங்கள். பொங்கலுக்கு அடுத்த சனிக்கிழமை மூடிவிடுவேன்."

வெளியே வந்ததும் கணவன் தபாலாபீசுக்கு வழி கேட்டான்.

"பிள்ளை பெத்த உடம்பு. இந்தக் குளிர்ல எப்படி வருவா?" என்றேன்.

"வரலன்னா எடம் போயிடும். அப்புறம் புள்ளையத் தூக்கினு எங்கமா வரும்?"

தந்தி வாசகத்தை நான்தான் எழுதிக் கொடுத்தேன். நெருப்பில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்பதை முதலில் போட்டேன். இல்லாவிட்டால், தந்தி என்றதும் ஊரில் பிரிப்பதற்கு முன்பே அழத் தொடங்கிவிடுவார்கள்.

அவள் வெள்ளிக்கிழமை வந்து இறங்கினாள். தலையில் துணியை வரிந்து கட்டியிருந்தாள். காதில் பஞ்சு. முகம் வீங்கியிருந்தது. கையில் ஒரு துணிப்பை மட்டும் இருந்தது.

"குழந்தை எங்கே?"

"எங்கம்மா குடுக்கலமா. முப்பது நாளு கூட கழியல, தொட்டில்லகூட இன்னும் போடல, நடுக்கற குளுருல ரயில்ல தூக்கினு போனா புள்ள தங்காதுன்னுட்டுது. மூஞ்சியக் காட்டிட்டு நாலு நாள்ல ஓடியாந்துருன்னு அனுப்புச்சுது."

அவள் சொன்ன நாலு நாளில் ரயில் பயணமும் அடக்கம்.

மறுநாள் ஷாமியானாவில் என் சால்வையைப் போர்த்திக்கொண்டு மேஜைக்கு முன்னால் நின்றாள். அதிகாரி அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"குழந்தை?"

"ஊரில்," என்றேன்.

"மேடம், நேற்றுவரை மனைவி ஊரில். இன்று குழந்தை ஊரில். நாளைக்கு யாராவது ஒருத்தியை நிறுத்தி இவள்தான் மனைவி என்றால்?"

அவள் கணவன் தன் தாயின் மேல் சத்தியம் செய்தான். அதிகாரி பேனாவை மூடினார். அந்த நேரம் பின்வரிசையில், சந்தனம் பூசிய பெண்ணின் இடுப்பிலிருந்த ஆண் குழந்தை பசியில் வீறிட்டது. விடாமல் அழுதது. மேஜைக்கு முன்னால் நின்றவள் திரும்பிப் பார்க்கவில்லை. சால்வையை மட்டும் இழுத்து மார்பின் குறுக்கே பிடித்தாள். அதற்குள் ரவிக்கை நனைந்து, சால்வையிலும் ஈரம் பரவத் தொடங்கியிருந்தது.

அதிகாரி பார்த்தார். உடனே காகிதத்துக்குக் குனிந்துகொண்டார். பேனாவைத் திறந்து, கணவன், மனைவி, கைக்குழந்தை ஒன்று, மொத்தம் மூன்று என்று எழுதி முத்திரை வைத்தார். பர்ச்சியை அவளிடம் தராமல் என்னிடம் நீட்டி, தலை நிமிராமல் ஆங்கிலத்தில் சொன்னார்: "குளிர்கிறது. உள்ளே போகச் சொல்லுங்கள்."

உள்ளே என்று சொல்ல அந்த மைதானத்தில் எதுவும் இல்லை.

பர்ச்சியோடு வந்த நிபந்தனையை அறைக்குப் போன பிறகுதான் அவர்கள் தெரிந்துகொண்டார்கள். அறைகளை வாங்கி வாடகைக்கு விடுகிறார்கள் என்று புகார் வந்திருந்ததால், ஆய்வாளர்கள் முன்னறிவிப்பில்லாமல் வருவார்கள். அறை பூட்டியிருந்தாலோ ஆண் மட்டும் இருந்தாலோ பர்ச்சி ரத்து. முதல் வாரமே மூன்றாவது வரிசையில் ஒருவனுடைய மூட்டையை வெளியே வைத்தார்கள். அவன் மனைவி சந்தைக்குப் போயிருந்தாள். அவள் திரும்பி வருவதற்குள் அந்த அறைக்கு வேறு குடும்பம் வந்துவிட்டது.

அதைப் பார்த்த பிறகு இவள் ஊருக்குப் போகும் பேச்சை எடுக்கவில்லை.

பால் வற்றுவதற்கு மல்லிகைப் பூவை வைத்துக் கட்டுவது அவர்கள் ஊர் வழக்கம். தில்லியின் தை மாதத்தில் மல்லிகைக்கு எங்கே போவது? துணியை இறுக்கிக் கட்டிப் பார்த்துக் காய்ச்சல் கண்டாள். சந்தனம் பூசியவளுக்கு அடுத்த அறை கிடைத்திருந்தது. அவள் ஒரு நாள் உள்ளே வந்து தன் மகனை இவள் மடியில் போட்டாள்.

"எதுக்குடி பீச்சிப் பீச்சிச் செவுத்துல ஊத்துற? எனக்கு இவனோட மூணு. இவனுக்குன்னு வரும்போது பால் தீந்துபோச்சு. குடு."

அந்தப் பையன் அப்படித்தான் தேறினான். ஆய்வாளர் முதல் முறை வந்தபோது அவன் இவள் மடியில் இருந்தான். மூன்றாவது ஆள் எங்கே என்று கேட்க வாயெடுத்தவர், பார்த்துவிட்டுக் குறித்துக்கொண்டு போனார். அதற்குப் பிறகு வரிசையின் முனையில் ஆய்வாளரின் சைக்கிள் தெரிந்தால் பையன் இந்த அறைக்கு வந்துவிடுவான். "எனக்கு ஒண்ணு கொறஞ்சா எவன் எண்ணப் போறான்" என்று அவன் அம்மா சொல்வாளாம். ஒரு தடவை ஆய்வாளர் அவனைத் தூக்கிக் கொஞ்சி, என்ன பெயர் என்று கேட்டு, ஆண் என்று எழுதிக்கொண்டார். அன்று இரண்டு பெண்களும் கதவைச் சாத்திக்கொண்டு வயிறு வலிக்கச் சிரித்ததாகச் சொன்னாள். பிறகு வந்த ஆய்வாளர்களும் ஆண் என்றே எழுதிக்கொண்டு போனார்கள்.

இதையெல்லாம் அவள் எனக்குச் சொன்னது ஞாயிற்றுக்கிழமைகளில். ஞாயிறு ஆய்வாளர்களுக்கு விடுமுறை. அன்று மட்டும் இரண்டு பஸ் மாறி வந்து எங்கள் போர்வைகளைத் துவைத்துவிட்டுப் போவாள். ஊருக்குக் கடிதம் எழுதச் சொல்வாள். எழுதுவேன். வெயில் தணிந்ததும் கொண்டுவந்து விடு என்று ஒரு வருஷம். அம்மை போட்டிருக்கிறது, போகட்டும் என்று பதில். குளிர் முடியட்டும் என்று மறுபடி ஒரு கடிதம். அவள் அம்மாவுக்கு ரயிலேறத் தெரியாது, கணவனுக்குக் கைக்குழந்தையைத் தனியே தூக்கிவரத் தெரியாது, இவள் அறையை விட்டு நகர முடியாது. ஒரு ஞாயிறு, போர்வையைப் பிழிந்துகொண்டே சொன்னாள்:

"பேச்சு வந்துடுச்சாம்மா. எங்கம்மாவத்தான் அம்மா, அம்மான்னு இழுக்குதாம். பின்ன, கண்ணுல காணறதத்தான கூப்புடும்?"

போர்வையின் மறுமுனையை நான் பிடித்திருந்தேன். தண்ணீர் முழுவதும் வடிந்த பின்னும் அவள் பிழிவதை நிறுத்தவில்லை.

ஆசிய விளையாட்டுக்காக ஊரையே தோண்டிப் போட்டிருந்த காலத்தில் மேட்டு அறைகளைக் காலி செய்து நிலையான மனை கொடுப்பதாக அறிவிப்பு வந்தது. பர்ச்சியில் உள்ள அத்தனை பேரும் கடைசிச் சரிபார்ப்பில் நிற்க வேண்டும். ஒருவர் குறைந்தாலும் வேறு ஆளாக இருந்தாலும் மனை இல்லை. கணவன் ஊருக்குப் போய் மகளைக் கூட்டி வந்தான். மூன்று வயது தாண்டியிருந்தது.

அந்தச் சரிபார்ப்பைப் பற்றி எழுத என்னை அனுப்பியிருந்தார்கள். நான் போனபோது சிறுமி அறை வாசலில் அப்பாவின் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எண்ணெய் வைத்து இழுத்துப் பின்னிய தலை, பச்சைச் சீட்டிப் பாவாடை. அவள் அம்மா உள்ளே தரையை ஏற்கெனவே கழுவியிருந்தாள், மறுபடி கழுவிக்கொண்டிருந்தாள்.

"வந்து ரெண்டு நாள் ஆச்சுமா. ராத்திரி அவங்கப்பாகிட்டதான் படுக்குது. நான் சோறு ஊட்டினா வாங்கிக்குது. 'போதுங்க'ன்னு சொல்லுது." சிரிக்கப் பார்த்தாள். "நல்லா மரியாதையா வளத்திருக்குது எங்கம்மா."

ஆய்வாளர் இளைஞர், வேலைக்குப் புதியவர். குல்லாய் போட்ட அதிகாரி எப்போதோ ஓய்வு பெற்றுப் போயிருந்தார். இவர் பர்ச்சியைப் பார்த்தார், கையிலிருந்த பழைய குறிப்புகளைப் பார்த்தார், சிறுமியைப் பார்த்தார்.

"இங்கே ஆண் என்று இருக்கிறதே."

அடுத்த அறை வாசலில் பையன் கிழிந்த டயரை உருட்டிக்கொண்டிருந்தான். அவன் அம்மா அவனை இழுத்து முந்தானைக்குள் விட்டுக்கொண்டாள்.

"அப்ப தப்பா எழுதிட்டாங்க, சாப்," என்றான் கணவன்.

"ஒரு தடவை தப்பாகலாம். வந்தவர்கள் எல்லோருமா தப்பாக எழுதினார்கள்? உங்கள் பையன் எங்கே? அல்லது பையனே இல்லையா? ஊரிலிருந்து யாருடைய குழந்தையைப் பிடித்து வந்திருக்கிறாய்?" குரலில் கோபம் இல்லை. சரியாகச் செய்ய வேண்டும் என்ற கவனம்தான் இருந்தது. அவர் குனிந்து சிறுமியிடம் மெதுவாகக் கேட்டார். "பேட்டி, தேரி மா கௌன் ஹை?"

சிறுமிக்கு அது சத்தமாக மட்டுமே கேட்டிருக்கும். அப்பாவைப் பார்த்தாள்.

"உங்கள் பாஷையில் கேளுங்கள்," என்றார் ஆய்வாளர். கணவனைத் தடுத்தார். "நீ இல்லை. அவள் கேட்கட்டும்."

அவள் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு மகளுக்கு எதிரே குந்தினாள். முகத்துக்கு நேரே முகம் வரும்படி உட்கார்ந்தாள். எனக்கு இடப்பக்கம், கை நீட்டினால் தொடும் தூரம்.

"கண்ணு, இவுரு கேக்குறாரு பாரு. உங்கம்மா யாரு? சொல்லு. அம்மா யாரு?"

சிறுமி யோசிக்கவே இல்லை. தெரிந்த கேள்வி ஒன்று வந்துவிட்டது என்ற தெளிவோடு, உரக்கச் சொன்னாள்.

"அம்மா ஊர்ல கீது. மாட்டுக்குத் தண்ணி காட்டுது."

பையனின் அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். கணவன் கூரையைப் பார்த்தான்.

"என்ன சொல்கிறாள்?" என்றார் ஆய்வாளர்.

அவள் எழுந்திருக்கவில்லை. மகளின் பாவாடை நாடா அவிழ்ந்திருந்தது, அதை எடுத்து முடிந்தாள். முடிந்துகொண்டே, திரும்பாமல், இந்தியில் சொன்னாள்.

"நான்தான்னு சொல்றா, சாப்."

ஆய்வாளர் சிறுமியையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். பேனாவை எடுத்து, ஆண் என்பதை அடித்துப் பெண் என்று எழுதினார். மூன்று என்பதை அப்படியே விட்டார். அடுத்த அறைக்கு நடந்தார்.